ஒல்லி லேப்டாப்பில் நாள் பூரா தமிழ் அடிக்க முடியுமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் இருக்கிறேன். வக்கீல்கள் தரும் மனு, கிரயப் பத்திரத்தின் வரைவு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை வாசகம் என்று எது வந்தாலும் தமிழில் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. டைப்ரைட்டரில் லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் முடித்த கை என்னுடையது. மூன்று வருடமாக ஒரு ஒல்லி லேப்டாப்பில் வேலை செய்கிறேன். அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும், "அக்கா, இந்தத் தகட்டில் எப்படி நாள் பூரா அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வரிசையாக மற்றதையும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிட்டேன்.

ஒல்லி கீபோர்டில் அடித்தால் விரல் நுனி வலிக்கிறதே, ஏன்?

நீங்கள் குத்துகிறீர்கள், அதனால். டைப்ரைட்டரில் ஒரு கீ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். அந்த வேகத்தில்தான் எழுத்துக்கம்பி எழும்பிப் போய் ரிப்பனில் அறைய முடியும், ஆகவே குத்தித்தான் ஆக வேண்டும். பயிலகத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். மேசைக் கணினிக்கு வரும் மெக்கானிக்கல் கீபோர்டில் கீ ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இறங்கும், அதிலும் பாதி வழியிலேயே, அதாவது 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். மிச்சம் இருக்கிற 2 மில்லிமீட்டரில் விரல் தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளலாம்.

ஒல்லி லேப்டாப்பில் அந்த வசதி கிடையாது. மொத்தமே 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் உங்கள் விரலுக்கு இடம். கீயின் அடியில் சின்ன ரப்பர் குமிழ் ஒன்றும், அதைச் சுற்றிக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிய இரண்டு பிளாஸ்டிக் சட்டங்களும் இருக்கும். சட்டம் கீயைக் கோணாமல் இறக்கும், குமிழ் அதைத் திரும்ப மேலே தள்ளும். குமிழ் மடங்கி எழுத்து விழுவதும், விரல் போய் அடித்தகட்டில் மோதுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்துவிடும். டைப்ரைட்டர் பலத்தோடு அடித்தால் அந்தப் பலம் முழுவதும் தகட்டில் பட்டு விரல் மூட்டுக்கே திரும்பி வருகிறது. நாள் ஒன்றுக்கு இருபது பக்கம் அடித்துவிட்டு விரல் வலிக்கிறது என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

எனக்கு முதல் இரண்டு வாரம் ராத்திரியில் ஆள்காட்டி விரல் நுனி விண்விண் என்று இருந்தது. "அம்மி கொத்துற மாதிரியில்ல இருக்கு" என்று வீட்டுக்காரர் சொன்னபோதுதான் என் சத்தமே என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் பத்து நிமிஷம், பேப்பரில் வந்த ஏதாவது ஒரு செய்தியை எடுத்து, சத்தம் வராமல் அடிக்க வேண்டும் என்ற ஒரே குறியோடு அடித்துப் பழகினேன். வேகம் முதலில் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் பழைய வேகம் வந்தது, அதற்கு அடுத்த மாதம் அதையும் தாண்டியது. கீ குறைவாக இறங்குகிறது என்றால் விரல் எழும்ப வேண்டிய தூரமும் குறைவுதானே, அதன் லாபம் பழகியவருக்குத்தான் தெரியும்.

எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது?

1.3 இருந்தால் போதும், 1.5 இருந்தால் நிம்மதி. திங்க்பேட் வகையில் முன்பு 1.8 வரை இருந்தது, இப்போது அதிலேயே பல மாடல்கள் 1.5-க்கு இறங்கிவிட்டன. ஆனாலும் அவற்றின் கீ நடுவில் லேசாகக் குழிந்திருப்பதால் விரல் தானாகப் போய் உட்காரும். எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரொம்பவும் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் ஒரு பாடம். 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் பட்டாம்பூச்சி என்று பெயர் வைத்து ஒரு புது அமைப்பைப் போட்டார்கள், கீ அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். கொஞ்சம் தூசி உள்ளே போனாலே எழுத்து விழாது, இல்லையென்றால் இரண்டு தடவை விழும். 2018-இல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019 கடைசியில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரி அமைப்பே திரும்ப வந்தது, 1 மில்லிமீட்டரோடு. பழைய மேக்புக்கை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் எந்த வருடத்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

இங்கிலீஷ் அடிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, தமிழ் அடித்தால் மட்டும் வலது சுண்டுவிரல் ஓய்ந்துவிடுகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை, தமிழ்99-இல் அடிக்கிற எல்லாருக்கும்தான். லேப்டாப் பற்றி ஊரில் இருக்கிற வீடியோக்களில் ஒன்றுகூட இதைச் சொல்வதில்லை, அவர்கள் இங்கிலீஷ் அடித்துப் பார்த்துவிட்டு "அருமையான கீபோர்டு" என்று போய்விடுகிறார்கள்.

தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். கைகள் மாறி மாறி விழுவதால் நல்ல தாளம் கிடைக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழுக்கு எழுத்து அதிகம், இங்கிலீஷ் எழுத்துகளுக்கான இடம் போதாது, அதனால் ஓரத்தில் இருக்கும் கீகளையும் எடுத்துக்கொண்டார்கள். மேல் வரிசையில் பி-க்கு (P) வலப்பக்கம் இருக்கும் இரண்டு சதுர அடைப்புக்குறிகள் ச, ஞ. எல்-க்கு வலப்பக்கம் ந, அதற்கும் அடுத்தது ய. கீழ் வரிசையில் சாய்கோடு இருக்கிற இடத்தில் ழ. பி-யில் இருக்கிற ண-வையும் சேர்த்தால் வலது சுண்டுவிரலின் தலையில் மட்டும் ஆறு எழுத்து. என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட் வேறு அதன் பொறுப்பு.

நான் தினமும் அடிக்கிற மாதிரி ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "விசாரணை செய்து நியாயம் வழங்கும்படி". இடைவெளியை விட்டுவிட்டால் இதற்கு 29 தட்டு. அதில் 8 தட்டு வலது சுண்டுவிரலுடையது. நான்கில் ஒன்றுக்கு மேல்! இங்கிலீஷில் அந்த விரலுக்கு எழுத்து என்று பார்த்தால் பி ஒன்றுதான், மற்றதெல்லாம் நிறுத்தற்குறி.

இப்போது ஒல்லியான, சின்ன லேப்டாப்பை எடுத்துப் பாருங்கள். கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடு வரை 19 மில்லிமீட்டர் என்பதுதான் வழக்கமான அளவு. 11, 12 அங்குல மாடல்களில் அந்த அகலத்துக்கு இடம் இருக்காது. என்ன செய்வார்கள்? இங்கிலீஷ் எழுத்துகளை முழு அளவில் விட்டுவிட்டு, அதிகம் பயன்படாது என்று அவர்கள் நினைக்கிற ஓரத்துக் கீகளைச் சுருக்குவார்கள். எதைச் சுருக்கினார்கள்? நம்முடைய ச, ஞ, ந, ய, ழ! ய இல்லாமல் தமிழில் ஒரு வரியாவது அடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். 15.6 அங்குலத்திலும் சில மாடலில் நம்பர் பேடை நுழைப்பதற்காக இதே ஓரத்தை நெருக்கியிருப்பார்கள், பெரிய லேப்டாப் என்று ஏமாந்துவிடக் கூடாது.

தீர்வு என்றால், 13 அல்லது 14 அங்குலத்தில் வலது ஓரம் சுருங்காத மாடலாகப் பார்த்து வாங்குவதுதான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ச-வையும் ய-வையும் சுண்டுவிரலை நீட்டி எட்டாமல், முழங்கையோடு கையை ஒரு நூல் வலப்பக்கம் நகர்த்தி அடித்துப் பழகுங்கள். நான் ச-வை மோதிர விரலால் அடிக்கிறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் பார்த்தால் ஸ்கேலை எடுத்துவிடுவார், பரவாயில்லை.

அப்படியென்றால் ஒலிபெயர்ப்பு முறையில், அம்மா என்பதற்கு ammaa என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பது நல்லதா?

ஓரத்துக் கீகள் தேவைப்படாது, உண்மை. ஆனால் தட்டு அதிகம். "மதுரை" என்பதற்குத் தமிழ்99-இல் ஐந்து தட்டு, ஒலிபெயர்ப்பில் எட்டு. "வாழ்க்கை"க்கு ஏழு, ஒலிபெயர்ப்பில் ஒன்பது. அதோடு பல மென்பொருளில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிப்டைப் பிடிக்க வேண்டும், அதுவும் சுண்டுவிரல் வேலைதான். பழைய டைப்ரைட்டர் அமைப்பிலும் ஷிப்ட் ஓயாது. நாளுக்கு நாலு வாட்ஸ்அப் செய்தி அடிப்பவர் எதில் அடித்தாலும் ஒன்றுதான். பக்கம் பக்கமாக அடிப்பவர் தமிழ்99-க்கு மாறுங்கள், என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரித் தமிழ் அடிக்கிற மென்பொருள் எதில் வேண்டுமானாலும் கிடைக்கும், விண்டோஸிலும் மேக்கிலும் தனியாக எதையும் போடாமலே உள்ளேயே இருக்கிறது.

சார்ஜில் போட்டு அடிக்கும்போது உள்ளங்கையில் சுருசுரு என்கிறது. லேப்டாப் கெட்டுவிட்டதா?

உலோக உடம்பு லேப்டாப்தானே? வெறுங்காலோடு தரையில் கால் வைத்திருக்கிறீர்களா? இரண்டு முள் பிளக்கா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் லேப்டாப் கெடவில்லை. அடாப்டருக்குள் மின் இரைச்சலைக் குறைக்க ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், அதன் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் உலோக உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது அந்த வழியாகப் போய்விடும். இரண்டு முள் பிளக்கில் எர்த் கிடையாது, ஆகவே உங்கள் உள்ளங்கை வழியாக இறங்கித் தரைக்குப் போகப் பார்க்கிறது. வியர்த்த கையில் இன்னும் நன்றாகத் தெரியும்.

பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் அடிக்கிற சுகம் போய்விடும், தெரியாமலே மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோள்பட்டை வலிக்கு வந்து நிற்பீர்கள். மூன்று முள் வயர் மாட்டக்கூடிய அடாப்டராக இருந்தால் அதை வாங்கி மாட்டுங்கள், அதற்கு முன்னால் வீட்டு பிளக் பாயின்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. என் வீட்டிலும் அதுதான் கதை. சரிசெய்கிற வரை ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு அடித்தேன். சுருசுரு என்பதைத் தாண்டி வெடுக்கென்று அடித்தால் மட்டும் அது வேறு விஷயம், உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடாப்டரையும் வயரிங்கையும் காட்டுங்கள்.

மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போவது பற்றி?

எந்த விரல் என்று பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் பெரும்பாலும் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி வைத்திருப்பீர்கள், அங்கே போகும் நரம்பு அது. இரண்டில் எதுவாக இருந்தாலும் ராத்திரி தூக்கத்தில் மரத்து எழுப்புகிறது, டம்ளர் பிடி நழுவுகிறது என்ற அளவுக்குப் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கோ தெரிந்த டாக்டரிடமோ போய்க் காட்டுங்கள்.

அது வரைக்கும் போகாமல் இருக்க உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். டைப்ரைட்டர் மேசை தாழ்வாக இருக்கும், யோசித்துப் பார்த்தீர்களா? மெஷின் உயரம் என்பதால் மேசையைத் தாழ்த்தியிருந்தார்கள். லேப்டாப் ஒல்லிதான், ஆனாலும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை அதற்குக்கூட உயரம் அதிகம். முழங்கை தொங்கும் மட்டத்தில் கீபோர்டு இருந்து, முன்கை தரைக்கு இணையாக, மணிக்கட்டு மேலும் கீழும் மடியாமல் நேராக இருக்க வேண்டும். நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தாலே பாதி பேருக்குச் சரியாகிவிடும், கால் எட்டவில்லை என்றால் அடியில் ஒரு பலகை.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு மாசி வீதி மொத்தக் கடைகளில் முன்பு இருந்த மாதிரி கணக்குப்பிள்ளை மேசை நல்ல யோசனை மாதிரித் தோன்றும். அது எழுதுகிறவருக்காகச் செய்தது, பலகை உங்கள் பக்கமாகச் சாய்ந்து வரும். லேப்டாப்பை அதில் வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, நாலே நாளில் விட்டுவிட்டேன். சமமான பலகை உள்ள சின்ன மேசை என்றால் சரி.

ஒல்லி லேப்டாப்பின் முன்விளிம்பு கூர்மையாக இருக்கும், அடிக்கும்போது மணிக்கட்டை அதில் ஊன்றாதீர்கள், கை மிதக்கட்டும். நிறுத்தி யோசிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

தனி கீபோர்டு வாங்கி மாட்டினால் என்ன?

வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடிப்பவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை, கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை தூக்க வேண்டும், இரண்டும் ஒருசேர அமையாது. லேப்டாப்பின் கீழே நாலு தடிப் புத்தகத்தை அடுக்கிவிட்டுத் தனி கீபோர்டில் அடித்தால் கழுத்து தப்பிக்கும். ஓரத்துக் கீகளும் முழு அளவில் கிடைக்கும். சாதாரண வயர் கீபோர்டே போதும். பின்னால் இருக்கும் இரண்டு கால்களை மட்டும் விரித்து வைக்காதீர்கள், மணிக்கட்டு மேலே மடங்கும்.

கத்திரி வெயிலில் கை வியர்த்து வழுக்குகிறதே?

பக்கத்தில் ஒரு பழைய வேட்டித் துணி. அவ்வளவுதான். லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் சூடு குறையும், ஆனால் ரொம்பத் தூக்கினால் மேலே சொன்ன மணிக்கட்டுக் கதைதான். வெள்ளி நிறக் கீ உள்ளவர்கள் பகலில் கீபோர்டு விளக்கை அணைத்து வையுங்கள், விளக்கு எரிந்தால் எழுத்து வெளுத்துப்போய்த் தெரியவே தெரியாது. கரண்ட் போன ராத்திரிக்கு அது உதவும்.

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டலாமா? சிலிக்கான் உறை போடலாமா?

ஸ்டிக்கர், பழகுகிற ஒரு மாதத்துக்கு மட்டும், அதுவும் மெலிசானதாக. ஒல்லி லேப்டாப்பை மூடும்போது கீக்கும் திரைக்கும் நடுவில் ரொம்பக் கொஞ்சம்தான் இடைவெளி, தடிமனான ஸ்டிக்கர் திரையில் தடம் போடும். உறைக்கும் அதே கதை, கூடவே கீயின் தொடு உணர்வே போய்விடும், சூடும் அடைபடும். வேண்டாம். எஃப், ஜே மேல் இருக்கும் சின்ன மேட்டை மூடும்படி மட்டும் எதையும் ஒட்டிவிடாதீர்கள், பார்க்காமல் அடிப்பவருக்கு அதுதான் கண்.

கீபோர்டில் ஏதாவது கொட்டிவிட்டால்?

கொட்டியிருக்கிறேன். பருத்திப்பால். சூடாக, கருப்பட்டியோடு, ஒரு டம்ளர் முழுக்க. அன்றைக்கு நான் செய்த தப்பு, துடைத்துவிட்டு "வேலை செய்கிறதா" என்று உடனே ஆன் செய்து பார்த்தது. அதைச் செய்யாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுவதும் அணைத்து, கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்து, அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதெல்லாம் வீண். வெறும் தண்ணீர் என்றால் காய்ந்தால் பிழைக்கலாம், இனிப்பு உள்ளே போனால் பிசுபிசுத்து கீ எழும்பாது, சர்க்யூட்டையும் அரிக்கும்.

கடைக்காரர் என்னிடம் சொன்ன வார்த்தை "சி பேனல் மாத்தணும்க்கா". பழைய தடி லேப்டாப்பில் கீபோர்டைத் தனியாகக் கழற்றி வேறு மாட்டலாம். ஒல்லி மாடல் பலவற்றில் கீபோர்டை மேல்பலகையோடு பிளாஸ்டிக்கை உருக்கியே பதித்துவிடுகிறார்கள், அந்தப் பலகைக்குத்தான் சி பேனல் என்று பெயர். ஒரு கீ போனாலும் மொத்தப் பலகையையும் மாற்றச் சொல்வார்கள். சில இடங்களில் பொறுமையாக அந்தப் பிளாஸ்டிக் முளைகளை உடைத்து கீபோர்டை மட்டும் மாற்றித் தருகிறார்கள், மலிவுதான், ஆனால் நடுவில் அழுத்தினால் கீபோர்டு லேசாகத் தாழும். நான் அப்படிச் செய்து ஏமாந்து, கடைசியில் சி பேனலும் மாற்றினேன், இரண்டு செலவு. முறுக்குத் தூள், முடி என்றால் கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ஊதுபந்து போதும், ஊசியை விட்டு கீயை நெம்பாதீர்கள், அந்தக் கத்தரிச் சட்டம் உடைந்தால் ஒட்டாது.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு நாற்காலி கேளுங்கள். கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு அடித்துப் பார்த்தால் எல்லாக் கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும். நோட்பேடைத் திறந்து, தமிழ்99-ஐச் சேர்த்து, ஒரு முழுப் பக்கம் அடியுங்கள், "செய்ய", "நியாயம்", "எழுச்சி", "அஞ்சாத" எல்லாம் வருகிற மாதிரி. தமிழைச் சேர்க்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஓரத்துக் கீகளையாவது நாற்பது தடவை தட்டிப் பாருங்கள். ஸ்பேஸ் பாரை இரண்டு முனையிலும் அழுத்துங்கள், ஒரு முனையில் மட்டும் சொணங்கினால் வேண்டாம். ஜி, எச் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள், பள்ளம் விழக் கூடாது. டெலீட்டுக்குப் பக்கத்திலேயே பவர் பட்டன் இருக்கும் மாடல்கள் உண்டு, அது பழகிவிடும். பாதி உயரத்துக்கு நறுக்கிய மேல் கீழ் அம்புக்குறி எனக்கு இன்னும் பழகவில்லை.

நம்பர் பேட் வேண்டுமா என்று கேட்டால், டாலியில் கணக்கு ஏற்றுபவருக்கு வேண்டும். மற்றவர்களுக்கு அது இடைஞ்சல், எழுத்துகளை எல்லாம் இடப்பக்கம் தள்ளிவிடும், நீங்கள் கோணலாக உட்கார்ந்து அடிப்பீர்கள்.

நீங்கள் இப்போது எதில் அடிக்கிறீர்கள் அக்கா?

பகலில் வீட்டில் புத்தக அடுக்கின் மேல் லேப்டாப், கீழே வயர் கீபோர்டு. ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்கு வக்கீலோடு போகிற நாளில் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது, அந்த 14 அங்குல ஒல்லியே துணை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அடிப்பதும் அதில்தான், அதுதான் சத்தம் போடாது. பருத்திப்பால் இப்போது அடுப்படியிலேயே குடித்துவிட்டு வருகிறேன்.